பில்லை எண் 212

பெயர்: சௌக்கத் அலி. வயது: 46. தந்தை பெயர்: கமாலுதீன் (காலமாகிவிட்டார்). விலாசம்: கதவு எண் 7, ஹபீபுல்லா சந்து, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை. தொழில்: வேன் சுற்றுலா வழிகாட்டி. பதிவு செய்த நாள்: 11.02.2025, மாலை 4 மணி.

நான் மேலே கண்ட விலாசத்தில் என் மனைவி லுப்னாவுடனும் இரண்டு பெண்பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். சந்தின் பெயரில் உள்ள ஹபீபுல்லா என் அத்தாவைப் பெற்றவர், அதாவது என் பாட்டனார். எங்கள் வீட்டை அக்கம்பக்கத்தில் ஷஹீத் வீடு என்பார்கள். யுத்தத்தில் உயிரைக் கொடுத்தவர் வீடு என்று அதற்குப் பொருள். இன்று காலை சுமார் பத்தரை மணிக்கு ராயபுரத்தில் பழைய கிடங்குச் சுவரை ஒட்டி நிற்கும் யுத்தகால நினைவுக் கல்லில் அவருடைய பெயரை உளியால் கொத்தி அழித்தது நான்தான். நான் குடித்திருக்கவில்லை. யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. எஸ்.ஐ. அம்மா சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் பைத்தியக்காரன் ஒருவன் பட்டப்பகலில் கல்லை உடைத்தான் என்பதோடு முடிந்துவிடும். ஆகையால் நடந்ததை வரிசையாகச் சொல்ல அனுமதி கேட்டு, அவர்கள் சரி என்றதன் பேரில் சொல்கிறேன்.

நான் பதினான்கு வருடம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பாரம் ஏற்றி இறக்கும் வேலை செய்தேன். 2017-ல் இடுப்பில் அடிபட்டு அந்த வேலை முடியாமல் போனது. அதன் பிறகு உடம்பில் ஒழுங்காக வேலை செய்வது வாய் ஒன்றுதான் என்று ஆனதால், மேத்யூ என்பவருடைய பன்னிரண்டு பேர் உட்காரும் வேனை வைத்து, ‘யுத்தத் தடம்’ என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள் பயணம் நடத்தி வருகிறேன். காலை ஏழு மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, முதலில் ஐகோர்ட்டு மதிலில் எம்டன் கப்பல் சுட்டதற்காகப் பதித்திருக்கும் கல்லைக் காட்டுவேன். பின்னர் துறைமுக மதிலோரம் வந்து, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையைச் சொல்லி, அதன் பிறகு ராயபுரம் நினைவுக் கல்லுக்கு வருவேன். அங்கிருந்து எண்ணூர்க் கடற்கரை, மதியச் சாப்பாடு, கடைசியாக நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறைத் தோட்டம். எம்டன் எத்தனை குண்டு சுட்டது என்பதை நான் ஆளுக்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கிறேன். வாத்தியார்கள் வந்தால் குறைப்பேன், காலேஜ் பிள்ளைகள் வந்தால் கூட்டுவேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ராயபுரம் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943-ஆம் வருடம் அக்டோபர் 14-ஆம் தேதி வியாழக்கிழமை பகலில், அந்தக் கிடங்கில் ராணுவத்துக்கு வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது வெடித்துத் தீப்பிடித்தது. ஜப்பான்காரன் விமானம் எப்போது வருமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. செத்தவர்களின் உடலை அடையாளம் சொல்ல முடியவில்லை. அந்நாளில் அங்கே வேலை செய்த கூலியாட்களுக்கு ஆளுக்கொரு பித்தளைப் பில்லை உண்டு. அதில் எண் அடித்திருக்கும். காலையில் உள்ளே போகும்போது வாசலில் உள்ள பலகையில் பில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும், சாயங்காலம் வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் பலகையில் யாரும் எடுக்காமல் ஒன்பது பில்லைகள் தொங்கின. அந்த ஒன்பது எண்களுக்கும் கம்பெனிப் பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்ததோ அந்தப் பெயர்களைக் கல்லில் வெட்டி, பக்கத்தில் எண்ணையும் வெட்டிவிட்டார்கள். ஏழாவது வரி ஹபீபுல்லா, 212.

என் பயணத்தில் இந்தக் கல்லின் முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பெயர்களைச் சீட்டுகளில் எழுதி மடித்து என் தொப்பியில் போட்டு நீட்டுவேன். ஆளுக்கொன்று எடுத்து, பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நான் ‘ஆஜர்’ என்று பதில் சொல்வேன். எட்டுப் பெயர் முடிந்ததும், என் சட்டைப் பையில் தனியாக வைத்திருக்கும் ஒன்பதாவது சீட்டை எடுத்து, நானே ‘ஹபீபுல்லா, 212’ என்று படித்து, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘என் அத்தாவைப் பெற்றவர்’ என்று சொல்லி, ‘ஆஜர்’ என்பேன். அந்த இடத்தில் அழாதவர்கள் குறைவு. எனக்கே சில நாள் நிஜமாகவே அழுகை வந்ததுண்டு.

இம்மாதம் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். அதில் தனியாக வந்தவர் செல்லக்கனி என்ற அம்மாள், வயது சுமார் அறுபது, திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம்.  வண்டியில் ஏறியது முதல் மடியில் ஒரு கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். அன்று எனக்கு இடுப்பு வலி இருந்ததால் சீட்டுகளை மேத்யூ மடித்தார். அவருக்கு என் வழக்கம் தெரிந்தும் மறதியாக ஒன்பதையும் தொப்பியில் போட்டுவிட்டார். செல்லக்கனி அம்மாள் எடுத்த சீட்டு 212.

அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் படிக்காமல் நின்றார். நான், “இன்னாம்மா, கண்ணு தெரியலியா? குடு, நானே படிக்கிறேன்,” என்று கையை நீட்டினேன். அவர் சீட்டைத் தரவில்லை. கல்லின் அருகே போய் ஏழாவது வரியைப் பார்த்தார். பின்னர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய தபால் கார்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, “இது எங்க தாத்தா போட்ட கார்டு. எங்கம்மா பைபிளுக்குள்ள வச்சிருந்தா. போன வருசம் அவ செத்த பொறவுதான் என் கைக்கு வந்துச்சு. இதுல இந்த நம்பர்தான் எழுதியிருக்காவ,” என்றார்.

நான் அந்தக் கார்டைப் படித்தேன். 12.10.1943 தேதியிட்டது. தேவப்பிரியம் என்பவர் தன் மனைவிக்கு எழுதியது. எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டதால் அப்படியே சொல்கிறேன்: ‘ஹபீபுல்லா பாய்க்கு உடம்பு சரியில்லை. அவருடைய பில்லை 212-ல் எட்டு நாள் பதிலாள் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று ரயிலேறிவிடுவேன். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா? எழுதவும்.’

செல்லக்கனி அம்மாள் அழாமல்தான் பேசினார். சனிக்கிழமை ரயிலில் அவர் தாத்தா வரவில்லை என்றும், அதற்குப் பிறகும் வரவில்லை என்றும், பாட்டி ஆள் அனுப்பிக் கேட்டபோது அப்படி ஒருவர் பெயரே பதிவேட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். ரங்கூனுக்கு எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. “எங்கம்மாவ எண்பத்தோரு வயசு வரைக்கும் ஓடிப்போனவன் மவளுன்னுதான் சொன்னாவ. கல்யாணத்துல சொன்னாவ, சாவுலயும் சொன்னாவ,” என்றார்.

நான் அப்போது செய்ததை மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “அவங்கவங்க வூட்டுக் கதைய இங்க கொண்டாந்து கொட்டாத. ஓடிப்போனவன் வூட்டுக்கெல்லாம் கல்லுல பங்கு கெடையாது,” என்று சொன்னேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்தே எடுத்து அவர்மேலேயே எறிந்தேன்.  அவர் சீட்டை மடித்துக் கார்டோடு உறையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு 212-க்கு யாரும் ‘ஆஜர்’ சொல்லவில்லை.

அதன் பிறகு எண்ணூருக்குப் போனோம். நான் பேசினேன், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. மதியம் அவர் சாப்பிடவில்லை. பின்னர் நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, செல்லக்கனி அம்மாள் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்துக்கொண்டே போனார். ஐந்தாவது வரிசையில் அவர் நிமிர்ந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “எந்த ஊர்லயோ பொறந்து இங்க வந்து செத்த பிள்ளைகளுக்கெல்லாம் பேரு, வயசு, நம்பரு எல்லாம் வெட்டி வச்சிருக்கு. நல்ல காரியம்,” என்றார். என்னைக் குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை. சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்ட பின்னர் மேத்யூ வண்டியைக் கழுவிக்கொண்டே, “பாய், அந்தம்மா டூப் வுட வந்த மாரி தெர்ல,” என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த நாள் 3-ஆம் தேதி காலை, மாத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் என் அத்தாவின் அக்கா சாபிராவைப் பார்க்கப் போனேன். நாங்கள் அவரைக் குப்பி என்று கூப்பிடுவோம். வயது எண்பத்தொன்பது. கிடங்கு வெடித்தபோது அவருக்கு ஏழு வயது. அந்தக் கார்டு பொய் என்று அவர் வாயால் கேட்டு, அதைச் செல்பேசியில் பதிவுசெய்து, அந்த அம்மாளுக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, குப்பி எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். பின்னர் என் செல்பேசியைக் காட்டி, “அத்த மூடி வைடா,” என்றார். மூடி வைத்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னதாவது: “கார்டு நெசந்தான்டா. எங்க அத்தாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம். அபாயச் சங்கு ஊதுனா வயித்தால போவும் அவருக்கு. பத்து நாளா வூட்டுக்குள்ளயே குந்திகினு இருந்தாரு. வேல போயிடும்னு ஒரு தெக்கத்தி ஆளாண்ட பில்லையக் குடுத்து அனுப்புனாரு. அன்னிக்கி சாயங்காலம் மேஸ்திரி வந்தான். சண்ட காலத்துல பில்லைய மாத்திக் குடுத்தா ரெண்டு பேருக்கும் ஜெயிலு. ‘பலகையில உன் பில்லை தொங்குது. நீ செத்துட்ட. அப்டியே இரு’ன்னு சொல்ட்டுப் பூட்டான்.”

குப்பி அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. “என்னிய வாசல்ல நிக்க வச்சி அழுன்னாங்க. அழுதேன். தெருவே கூடி அழுதுச்சி. கதவுக்குப் பின்னால அவர் குந்திகினு நான் அழுவறதக் கேட்டுகினு இருந்தாரு,” என்றார். பின்னர், பாட்டனாரை ரயிலேற்றி சூலூர்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அங்கே வேறு பெயரில் பீடிக்கடை வைத்து 1984 வரை உயிரோடு இருந்தார் என்றும் சொன்னார். சூலூர்பேட்டையில் ஒரு பெரியவரைப் பார்க்கச் சின்ன வயதில் என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் வந்தது. தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவுவார். ஸ்டேஷனில் வண்டி கூவினால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பெரியவருக்கு என்னவோ வியாதி என்று நினைத்திருந்தேன்.

நான் கிளம்ப எழுந்தபோது குப்பி, “உங்க அத்தாவுக்கு சர்டிபிகேட்டுல வயசு மூணு கூட. ஏன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களாடா?” என்றார். என் அத்தா 1944-ல் பிறந்ததாகத்தான் சர்டிபிகேட் இருக்கிறது. தகப்பன் செத்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அவர் பிறந்தது 1947. பாட்டி ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் சூலூர்பேட்டையில் இருந்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது ஆகிவிட்டது என்று கம்பெனியில் அத்தாவுக்கு ஓய்வு கொடுத்தபோது, “எனக்கு இன்னும் மூணு வருசம் கீதுடா,” என்று அவர் முணுமுணுத்ததை வயதானவர் புலம்பல் என்று நாங்கள் சிரித்தோம்.

மாத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. பாட்டனார் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் என் அத்தா பிறந்திருக்க மாட்டார், நானும் இல்லை, என் பிள்ளைகளும் இல்லை. சாயர்புரத்தில் பல் முளைத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தகப்பன் எங்களுக்குப் பதிலாகப் போயிருக்கிறார். ஓடிப்போனவர் எங்கள் ஆள். அந்தப் பெயரை எண்பது வருடம் சுமந்தவர்கள் அவர்கள். ஷஹீத் என்ற பெயரை நாங்கள் வைத்துக்கொண்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. நடத்துநர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டும் நான் பதில் சொல்லாததால் திட்டினார்.

4-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை திருவொற்றியூரில் செல்லக்கனி அம்மாளின் கடைக்குப் போய், குப்பி சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை தராசுத் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னர் ஸ்டூலில் உட்கார்ந்து, “அப்ப எங்க தாத்தா ஓடல,” என்றார். இல்லை என்றேன். “சனிக்கிழம வரத்தான் இருந்திருக்காவ,” என்றார். ஆமாம் என்றேன். உளுந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, “மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு? அவிய பேர அந்தக் கல்லுல எழுத முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க,” என்றார். முடியும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். எஸ்.ஐ. அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன்: உடைக்கும்படி அவர் சொல்லவில்லை, இன்று நான் அங்கே போனது அவருக்குத் தெரியாது. அவரை ஸ்டேஷனுக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நினைவுக் கல்லை ஒரு குழு பராமரித்து வருகிறது. அதன் செயலாளர் என் கூடப்பிறந்த அண்ணன் உபைதுல்லா, வயது 52, ‘ஷஹீத் ஹபீபுல்லா ஸ்டோர்ஸ்’ என்ற பெயரில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். இந்த வழக்கில் என்மேல் புகார் கொடுத்தவரும் அவர்தான். 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பயணத்தை ரத்து செய்துவிட்டு, அவர் கடையில் நடந்த குழுக் கூட்டத்தில் கார்டின் படத்தைக் காட்டி, பெயரை மாற்றும்படி கேட்டேன். மற்றவர்கள் என் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர், “இவனுக்கு இடுப்புல பட்ட அடி இப்பத்தான் தலைக்கி ஏறிகீது,” என்று சொல்ல, எல்லோரும் சிரித்துக் கலைந்தார்கள்.

அதன் பிறகு அவர் என்னைக் கடைக்குப் பின்னால் பெயின்ட் டப்பா அடுக்கியிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போய், “எனக்குத் தெரியும்டா,” என்றார். “சூலூர்பேட்டையில அவர கபர்ல எறக்கசொல்ல நான் பக்கத்துல நின்னேன். பன்னெண்டு வயசு எனக்கு. அத்தா என் கையப் புடிச்சிகினு, ‘இத்த இங்கியே மண்ணோட வுட்டுடு’ன்னாரு. நான் வுட்டுட்டேன். நீயும் வுட்டுடு. உனக்கும் ரெண்டு பொண்ணு கீது, நாளைக்கி சம்பந்தம் பேச வர்றவன் என்னா கேப்பான்னு யோசி,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, வருடா வருடம் அக்டோபரில் அந்தக் கல்லுக்கு மாலை போட்டு வந்திருக்கிறார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விட்டுவிட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

10-ஆம் தேதி, கல்லறைக் கற்களில் பெயர் வெட்டும் பகலவன் என்பவரிடம் போய்க் கேட்டேன். அவர், “கமிட்டி லெட்டர் இல்லாம கை வெக்க மாட்டேன் மாமு. பேர் எழுத வேணா கூப்புடு. கீற பேர அழிக்கிறது என்னால ஆவாது,” என்று மறுத்துவிட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்று மாலை சாத்தாங்காட்டில் ஒரு உளியும் சுத்தியலும் வாங்கினேன்.

இன்று காலை ஒன்பதரை மணிக்குக் கல்லுக்குப் போனேன். மறைந்து செய்ய எனக்கு விருப்பம் இல்லாததால்தான் பகலில் போனேன். முதலில் மற்ற எட்டுப் பெயர்களையும் துணியால் துடைத்தேன். பின்னர் ஏழாவது வரியில் ஹபீபுல்லா என்ற பெயரைக் கொத்த ஆரம்பித்தேன். முதல் எழுத்தில் உளியை வைத்துவிட்டு எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். அந்த எழுத்தைக் காட்டித்தான் என் அத்தா எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பெயரைக் கொத்தி மட்டமாக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 212 என்ற எண்ணைத் தொடவில்லை. அந்த எண் சரியான எண். குழு வேலை என்று நினைத்து எதிர் டீக்கடைக்காரர் எனக்கு டீ கொடுத்தனுப்பினார். வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகு சாக்பீஸால் தேவப்பிரியம் என்று எழுதிக்கொண்டு, அதன் மேலேயே வெட்டத் தொடங்கினேன். எனக்குத் தொழில் தெரியாததால் எழுத்துகள் கோணல்மாணலாக வந்தன. ‘தேவப்பி’ வரை வெட்டியிருந்தபோது, அழிந்தது எந்தப் பெயர் என்று யாரோ கவனித்துவிட்டு என் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. ஒருவர் என் முதுகில் அடித்தார். அவர் யார் என்று தெரியும், சொல்ல விரும்பவில்லை. என் அண்ணன் ஓடிவந்தார். அவர் என்னை அடிக்கவில்லை. உளி பிடித்த கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். “நாளைக்கி நான் எப்டிடா கடையத் தெறப்பேன்,” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அதற்குள் ரோந்து வண்டி வந்துவிட்டது. உளியையும் சுத்தியலையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

நினைவுக் கல்லைச் சேதப்படுத்துவது குற்றம் என்று எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. ஒத்துக்கொள்கிறேன், தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். பழையபடி ஹபீபுல்லா என்று வெட்டித் தர ஏற்பாடு செய்தால் அண்ணன் புகாரை வாபஸ் வாங்கத் தயாராக இருப்பதாகவும் சொல்லப்பட்டது. மாட்டேன் என்று சொன்னேன். என் பாட்டனார் ஹபீபுல்லா 1984-ல் சூலூர்பேட்டையில் தன் கட்டிலில், பக்கத்தில் மகன் இருக்க, கலிமா சொல்லக் கேட்டபடி இறந்தார். அவர் பயந்தவர், அவ்வளவுதான். பயந்ததற்காக அவரை நான் வெறுக்கவில்லை. அவருக்குச் சேர வேண்டிய கபர் அவருக்குக் கிடைத்துவிட்டது.

கல்லில் இப்போது பாதிப் பெயர்தான் நிற்கிறது. அதை முழுசாக்குவார்களா, பூசி மறைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆகவே இந்தத் தாளிலாவது முழுப் பெயரும் ஏற வேண்டும் என்று எஸ்.ஐ. அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். மேலே எனக்கு எழுதிய முறையிலேயே அவருக்கும் எழுதும்படி கேட்டேன். முதலில் யோசித்தார்கள், பிறகு எழுதினார்கள். விவரம் செல்லக்கனி அம்மாள் எனக்குச் சொன்னது.

பெயர்: தேவப்பிரியம். வயது: 27. தந்தை பெயர்: ஞானாபரணம். விலாசம்: சாயர்புரம். தொழில்: பதிலாள். 14.10.1943 அன்று வாசல் பலகையில் மாட்டிய பில்லை எண்: 212.

எஸ்.ஐ. அம்மா எழுதியதை எனக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினார்கள். அந்தப் பெயரும் எண்ணும் வந்த இடத்தில், ஏழு வருடப் பழக்கத்தில், நான் ‘ஆஜர்’ என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

வேனில் நான் சொன்ன கதைகளில் கூட்டியதும் குறைத்ததும் உண்டு. இதில் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிந்து கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சௌக்கத் அலி
ஹபீபுல்லாவின் பேரன்